பெட்டி மட்டும் கரைக்கு வந்த நாள்

போன மாதம் ரெஜின் போன் செய்தான். இப்போது அவன் துறைத்தலைவர், 'செய்தார்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த அன்று ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு என் அறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கக்கூடத் தயங்கியவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கல்லூரியில் ஆராய்ச்சி விண்ணப்பங்களைப் பார்த்து, இது மனிதர்களுக்குக் கெடுதல் செய்யுமா என்று சொல்லும் அறநெறிக் குழு ஒன்று உண்டு. அதில் நான் பல வருடம் செயலாளராக இருந்தேன். அந்த வேலையில் பாதியை இப்போது ஒரு மென்பொருள் செய்கிறதாம். விண்ணப்பத்தை ஏற்றினால் நாலு நிமிடத்தில் பதில் வந்துவிடுமாம்.

"புதுசா வந்த பிள்ளைகளுக்கு நம்ம பழைய முறை ஒண்ணும் தெரியல்ல டீச்சர். நீங்க எப்படிச் செய்திய எண்ணு எழுதித் தருவியளா?" என்றான்.

"மென்பொருள் ஒழுங்கா பாக்குதா?"

"எழுத்துப்பிழையெல்லாம் உடனே பிடிச்சிருது."

"அது பெரிய காரியம்தான்," என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த மென்பொருள் மேல் கோபம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு காலையில் நிதானமாகச் செய்தித்தாள் படிக்கிறேன், மாலையில் பேச்சிப்பாறையில் தங்கை வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

படித்த கதையைச் சுருக்கிவிடலாம். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. கேட்ட பாடம் கிடைக்காமல், கிடைத்த தத்துவத்தைப் படித்தேன். பிறகு மேற்படிப்புக்காகக் களியக்காவிளையில் பஸ் மாறித் திருவனந்தபுரத்துக்கு நின்றுகொண்டே போய்வந்தேன். என் ஆய்வு, கொடுத்த வாக்கு ஒரு மனிதரை எதனால் கட்டுப்படுத்துகிறது என்பது. "வாக்கு குடுத்தா காப்பாத்தணும். இதுக்கு அஞ்சு வருஷம் படிக்கணுமா?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தொழில் அறநெறி சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. மீன்குழம்பு சாப்பிட்டு வந்த அறுபது பேரிடம் கடமையைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தெரியும். பத்து வருடம் போல அப்படியே ஓடியது. பிறகு உலகத்துக்குத் திடீரென்று செயற்கை நுண்ணறிவு மீது பயம் வந்தது. எந்திரம் முடிவெடுத்தால் பொறுப்பு யாருடையது, ரோபோ ஒருவரை இடித்தால் வழக்கு யார் மேல் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கும் கிராக்கி வந்தது. கருத்தரங்குகளில் முன்வரிசையில் உட்காரவைத்து, பூங்கொத்து கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். அந்தக் கருத்தரங்குகளில் நான் கற்றுக்கொண்டது குறைவு. கற்றதெல்லாம் எங்கள் குழுவின் தலைவரிடம்தான்.

பேராசிரியர் ஞானசிகாமணி இயந்திரவியல்காரர். எந்திரக் கைகள் செய்வதில் கெட்டிக்காரர். அப்படி ஒரு கை அவருடைய இடது ஆள்காட்டி விரல் நுனியை எடுத்துவிட்டிருந்தது. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். யாருடைய விண்ணப்பத்தையும் அவர் நிராகரித்ததே இல்லை. "இது இன்னும் வேகல்ல வேய், கொண்டுபோய் அடுப்புல வையும்," என்பார். அதற்குப் பிறகு அதைக் கொண்டுவர யாருக்கும் தைரியம் வராது.

புதன்கிழமை மதியம் குழு கூடும். விண்ணப்பித்தவர் முதலில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்பதற்கு அலுவலக உதவியாளர் புஷ்பத்தை உட்காரவைப்பார். வாசித்து முடித்ததும் புஷ்பம் தனக்குப் புரிந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். புஷ்பம் தடுமாறினால் தப்பு படிவத்தில்தான் என்று தீர்ப்பு. பெரிய பெரிய முனைவர்களெல்லாம் புஷ்பத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு வியர்த்ததை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை நிறுத்தணும்னு தோணினா, ஆரு நிறுத்துவா?"

தேர்வறைக் காமிராவின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். காப்பி அடிப்பவர்களைத் தானாகவே கண்டுபிடிக்கும் காமிரா ஒன்றைக் கணினித் துறைக்காரர்கள் செய்திருந்தார்கள். சோதித்தபோது வகுப்பில் பாதிப் பேரைக் கள்ளர்கள் என்று காட்டியது. எங்கள் ஊரில் கேள்வித்தாளைத் தொடும் முன் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடி வாய்க்குள் ஜெபிப்பார்கள். சிலுவை போடுபவர்கள், நெற்றி நாமத்தைத் தொட்டுக்கொள்பவர்கள், பேனாவை முத்தமிடுபவர்கள் என்று பலவகை உண்டு. உதடு அசைந்தால் அது பேச்சு என்று காமிரா நினைத்துக்கொண்டது. தலைவர் தானே போய் அதன் முன்னால் உட்கார்ந்து, பரமண்டல ஜெபத்தை முழுக்கச் சொன்னார். காமிரா அவரை மூன்று தடவை பிடித்தது. எழுந்து வந்து, "வேகல்ல," என்றார்.

அடுத்தது நான் செய்த தப்பு. ரெஜின் கேட்டதும் இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ரெஜின் கொண்டுவந்த திட்டம் அது. மீன்பிடி வள்ளங்களில் ஒரு சின்னப் பெட்டியை வைப்பது. வள்ளம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அது அனுப்பிக்கொண்டிருக்கும். கல்லூரியிலுள்ள கணினி ஒவ்வொரு வள்ளத்தின் வழக்கத்தையும் கற்றுக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் அபாயம் என்று எச்சரிக்கும். நல்ல எண்ணம். கடலில் ஆளை இழக்காத வீடு எங்கள் கரையோர ஊர்களில் இல்லை.

அந்தப் புதன்கிழமை தலைவர் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்து வீட்டில் இருந்தார். நாற்காலியில் நான். ரெஜின் படிவத்தை வாசித்தான். பெட்டியை நிறுத்திவைத்தால் கல்லூரியிலிருந்து போன் வரும், இடத் தகவலை ஆய்வுக் குழுவைத் தவிர யாருக்கும் காட்ட மாட்டோம் என்றெல்லாம் இருந்தது. புஷ்பம் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். "கடலுக்குப் போற ஆளு எங்க நிக்காருன்னு தெரிஞ்சா நல்லதுதானே டீச்சர்?" என்றும் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. யார் நிறுத்துவார் என்ற கேள்வியைக் கேட்டேன். பெட்டியில் பொத்தான் இருக்கிறது என்றான். இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புஷ்பம் திற்பரப்புக்காரி, நான் பேச்சிப்பாறைக்காரி. கடலைப் பற்றிய ஒரு காரியத்துக்கு மலைப்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து சம்மதம் சொல்லியிருக்கிறோம்.

கரையில் இருப்பவர்களைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள். கடலுக்கடியில் பாறைத்திட்டுகள் உண்டு. அவற்றைப் பார் என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் நேர்கோட்டில் பிடித்து, இன்ன இடத்தில் பார் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். அதற்குக் கணிச்சம் என்று பெயர். ஒருவர் தன் கணிச்சத்தைக் கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டார். அவருடைய சோறு அது. நாங்கள் அந்தக் கணிச்சத்தை அனுப்பும் பெட்டியைக் கொண்டுபோய் அவர்கள் மடியில் வைத்திருக்கிறோம்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போனது. சிலுவைதாசன் என்பவருடைய வள்ளமும் அவர் நண்பர் அந்தோணியுடைய வள்ளமும் தினமும் ஒட்டிக்கொண்டே போய்வருகின்றன என்று கணினி கண்டுபிடித்தது. துணையோடு போவதால் இரண்டும் பத்திரமானவை என்று பச்சை நிறம் கொடுத்தது. மீனவர்களின் கூட்டுறவு மனப்பான்மை என்று ரெஜின் அதை வைத்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டான்.

ஒருநாள் மதியம் இரண்டரை மணி இருக்கும். வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் ஒப்புதல் படிவம் நாலாக மடித்து இருந்தது. அதன் அடியில் குழு உறுப்பினர் ஒருவரின் போன் எண் இருக்க வேண்டும் என்பது தலைவர் போட்ட விதி. அதில் இருந்தது என் எண்.

"அடிச்சேன், நீங்க எடுக்கல்ல டீச்சரே. ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். நான் சிலுவைதாசனுக்க வீட்டுக்காரி, லூர்து. அவரு இன்னும் வரல்ல."

ரெஜினின் அறைக்குக் கூட்டிப்போனேன். அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். "வெப்ராளப்படாதீங்க அக்கா. காலையில ஒன்பதே முக்காலுக்கே கரைக்கு வந்தாச்சு."

"கரைக்கு வந்தது பெட்டி. ஆளு எங்க?" என்று கேட்டு, லூர்து தன் பைக்குள்ளிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அந்தோணிக்க மீன்கூடையில கெடந்து. தெனமும் இவரு அவன்கிட்டதான் குடுத்துட்டுப் போவாராம். எனக்கு இண்ணுதான் தெரியும்."

ரெஜின் திரையை மறுபடி பார்த்தான். நானும் பார்த்தேன். சிலுவைதாசனின் வள்ளம் எங்கள் கல்லூரிக் கட்டடத்துக்குள் பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நிறுத்தி வச்சிருக்கலாமே," என்றான் ரெஜின். குரல் இறங்கிவிட்டது.

"நிறுத்தினா நீங்க போன் போட்டு ஏன் எதுக்குன்னு கேப்பியளே. அவருக்க பாரு எல்லாவனுக்கும் தெரிஞ்சுபோகும்னு பேடி. அந்தோணி கரைக்குப் பக்கத்துல வலை விடுகவன். அவனுக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல."

ரெஜின் அதற்குள் பழைய பதிவுகளைத் தோண்ட ஆரம்பித்திருந்தான். முதல் ஒன்பது நாள் பெட்டி சிலுவைதாசனிடமே இருந்திருக்கிறது. அந்த நாட்களில் மூன்று முறை ஒரே இடத்தில் வள்ளம் வெகுநேரம் நின்றிருக்கிறது. அதுதான் அவருடைய பார். தேடுவதானால் அங்கேதான் தேட வேண்டும். ஆனால் யாருக்கும் காட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது நாங்கள். அதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. ஐந்து வருடம் வாக்குறுதியைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் நான், அந்த நிமிடத்தில் ஒன்றும் ஓடவில்லை.

தலைவருக்கு ஆள் அனுப்பினேன். சாக்பீஸ் தூசியோடு வந்தார். ஒரு நிமிடம் கேட்டார். பிறகு லூர்துவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஆளு நிக்கிற இடம் தெரிய ஒரு வழி இருக்கு. ஆனா தேடப் போறவங்களுக்கு அவருக்க பாரைக் காட்டணும். காட்டமாட்டோம்னு அவருகிட்ட நாங்க வாக்கு குடுத்திருக்கோம். நீங்க என்ன சொல்லுதிய?"

லூர்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காட்டுங்க சாரே. அவரு உயிரோட வந்து என்னை ஏசட்டு."

"சரி," என்றவர் என்னிடம் திரும்பினார். "ஆருக்கெல்லாம் காட்டுறோமோ, ஒவ்வொரு பேரா எழுதுங்க டீச்சர். ஒண்ணு விடப்பிடாது. போன்ல படம் எடுக்க விடாதீங்க."

நாங்கள் கரைக்குப் போய்ச்சேரும் முன்பே கோயில் ஒலிபெருக்கியில் பங்குத்தந்தை அறிவித்திருந்தார். ஒருவர் வரவில்லை என்றால் அந்த ஊரில் யாரும் தொழில் பார்க்க மாட்டார்கள். எல்லா வள்ளமும் தேடப் போகும். நான் கவிழ்த்துவைத்திருந்த ஒரு வள்ளத்தின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். நான் பேரை எழுதினேன்.

முதலில் வந்தது அந்தோணி. "நாந்தான் டீச்சரே அவனைக் கொன்னேன்," என்று அழுதார். "முதல்ல பேரைச் சொல்லும்," என்று கத்திவிட்டேன். அவர் பேர் எனக்குத் தெரியும், இருந்தும் கத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாவதாக வந்தவர் சிலுவைதாசனின் தம்பி. திரையைப் பார்த்ததும், "எம்மாடி, இவ்வளவு கிட்டத்திலயா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். மொத்தம் பதினேழு பேர்.

வெளிச்சம் போவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். கிழிந்த வலை ஒன்று எந்திரத்தில் சுற்றி, வள்ளம் பாரிலிருந்து நீரோட்டத்தில் இழுபட்டுப் போயிருந்தது. அவருடைய போனும் நனைந்து போயிருந்தது. கரையில் இறங்கியவரை லூர்து தோளில் ஓங்கி இரண்டு அடி அடித்துவிட்டு, பிறகு அழுதார். நானும் ரெஜினும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

அடுத்த வாரம் திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களிடமிருந்து, நடந்ததைப் பற்றிய அறிக்கையின் வரைவு வந்தது. 'பயனாளர் பெட்டியைத் தவறாகப் பயன்படுத்தியதால்' என்று தொடங்கியது. தலைவர் அதை என்னிடம் நீட்டினார். "புஷ்பத்துக்கு வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். புஷ்பம் திருப்பிச் சொன்னாள்: "அந்த ஆளு மேலதான் தப்புன்னு சொல்லுதாவ."

"அப்படியா டீச்சர்?" என்று கேட்டார் தலைவர். நான் அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நிறுத்த முடியுமா என்று கேட்ட குழு, அவர்கள் ஏன் நிறுத்த விரும்புவார்கள் என்று கடலுக்குப் போகும் ஒருவரிடமும் கேட்கவில்லை, இருபது நிமிடத்தில் அனுமதி கொடுத்தது என் தவறு என்று எழுதினேன். எனக்குக் கீழே தலைவரும் கையெழுத்துப் போட்டார். தான் அன்றைக்கு விடுப்பில் இருந்ததை அவர் குறிப்பிடவே இல்லை. ரெஜின் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். பிறகு கூட்டுறவு மனப்பான்மைக் கட்டுரையை அவனே திரும்பப் பெற்றுக்கொண்டான்.

மிச்சமிருந்த வேலைதான் கடினம். பதினேழு பேரின் பட்டியலை எடுத்துக்கொண்டு சிலுவைதாசன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தூண்டில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாக்கை மீறியது நாங்கள், அவர் இடத்தைக் கண்டவர்கள் இவர்கள் என்று சொல்லித் தாளைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார்.

"எனக்க அப்பன் காட்டித் தந்த பாரு டீச்சரே. எனக்க தம்பிகிட்டகூட நான் சொன்னதில்ல." விரல் நின்றது. "அவன் இதுல மூணாவது நிக்கான்."

மறுபடி தூண்டிலைக் கையில் எடுத்தார். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். லூர்து கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். உயிரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டோமே என்று பல நாள் மனசு அறுத்தது.

எட்டு மாதம் கழித்து ரெஜின் பெட்டியை மாற்றிச் செய்திருந்தான். இனி தகவல் பெட்டியிலேயே பூட்டிக் கிடக்கும், கல்லூரிக்கு வராது. ஒவ்வொரு நாளும் வள்ளம் கரைக்கு வந்ததும் பூட்டிய தகவலின் நகல் ஒன்று வீட்டில் சேரும். வள்ளம் வரவில்லை என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் மட்டுமே, அவர்கள் கையிலுள்ள சாவி எண்ணால் அது திறக்கும். இந்தத் தடவை படிவத்தைக் கல்லூரியில் வைத்து முடிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் ஊரையே கூட்டி வாசித்தோம். திருப்பிச் சொல்ல அந்தோணியை உட்காரவைத்தார் தலைவர்.

அதில் ஒரு வரியை நான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். 'ஆளைத் தேடும்போது தெரியவரும் இடத்தைத் தேடியவர்கள் வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.' ரெஜின் அதை வாசித்ததும் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதை எழுதி வைக்கணுமா டீச்சரே?" என்றார் அந்தோணி. "உயிரு தேடிப் போன இடத்துல போயி மீனு தேடுவமா? அண்ணைக்குப் பொறவு அந்தப் பாருப் பக்கம் எங்கள்ல ஒருத்தனும் போகல்ல."

நான் சிலுவைதாசனைப் பார்த்தேன். கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நேருதான்," என்றார். "ஒரு வள்ளமும் அங்க வரல்ல. எனக்க தம்பி அந்த வழி போனா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுதான் போவான்."

எத்தனை கருத்தரங்குகளில், எத்தனை மொழிகளில் நான் அடித்துப் பேசிய விஷயம் அது! ஒரு காரியத்துக்காக அறிந்ததை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது. பதினேழு பேர் எங்கேயும் கையெழுத்துப் போடாமல் எட்டு மாதமாக அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ இந்த வரி வேண்டாம், வெட்டிவிடலாம்," என்று பேனாவை எடுத்தேன்.

"வெட்டாதீங்க டீச்சரே," என்றார் சிலுவைதாசன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்களுக்குத்தான் வேண்டாம். உங்க ஆளுவளுக்கு வேணும், கெடக்கட்டு."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் 'தேடியவர்கள்' என்பதை அடித்துவிட்டு, அதற்குமேல் 'கல்லூரியைச் சேர்ந்த எவரும்' என்று எழுதினேன். சிலுவைதாசன் தாளை வாங்கி, அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.